நர்ஸம்மா வருவாங்க, இருப்பாங்களா?

(வட்டார மகளிர் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



பேறுகாலக் கவனிப்பு பற்றிப் பேசுங்கம்மா என்றுதான் என்னைக் கூப்பிட்டாங்க. அதை நான் முப்பது வருஷமா உங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியாச்சு. இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடு, ரத்தம் ஏத்துற நிலைமைக்கு வராதே என்று நான் சொன்னதும், நீங்க அந்த மாத்திரையைக் கோழிக்கூண்டுப் பக்கம் வீசினதும் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் இன்றைக்கு வேற ஒன்று பேசலாம்னு இருக்கேன். அந்த மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்காங்களா? இல்லைன்னா ஏன் இல்லை? அரசாங்கம் ஆள் எடுக்குது, உண்மைதான். எடுத்த ஆள் நம்ம ஊர்ல ஏன் தங்கறதில்லை?

கணக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம எல்லாருக்கும் கணக்கு நல்லாவே வரும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. இதுதான் நாடு முழுக்க உள்ள அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராம சுகாதார செவிலியர், அதாவது நீங்க நர்ஸம்மான்னு கூப்பிடுற ஆள். தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கும் மேல் துணை சுகாதார நிலையங்கள் இருக்கு. 2023 அக்டோபரில் அரசு ஒரு அறிவிப்பு கொடுத்துச்சு. 2,250 கிராம சுகாதார செவிலியர் இடங்களுக்கு ஆள் வேணும் என்று. இத்தனை இடம் காலியா இருந்தால்தானே அறிவிப்பு வரும். நாலு நிலையத்துக்கு ஒன்று என்கிற அளவுக்கு வருது பாருங்க.

இடம் காலியா இருந்தால் என்ன ஆகும்? கதவைப் பூட்டிட்டாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பக்கத்து ஊர் நர்ஸம்மாவுக்குக் "கூடுதல் பொறுப்பு" என்று ஒரு தாள் வரும். நாங்க அதை இன்சார்ஜ் என்று சொல்லுவோம். நானும் பல வருஷம் இன்சார்ஜ் பார்த்தவள்தான். காகிதத்தில் ரெண்டு ஊருக்கும் நர்ஸ் இருக்கு. ஆனால் ஆள் ஒன்றுதான். புதன்கிழமை தடுப்பூசி நாள். இந்த ஊரில் ஊசி போட்டுட்டு அந்த ஊருக்கு ஓடணும். அந்த ஊர் குழந்தைங்க காத்திருந்து, வெயில் ஏறி, தாய்மார் களைவெட்டுக்குப் போயிடுவாங்க. கர்ப்பிணிக்குப் பதிவு போடணும், பிக்மி எண் எடுக்கணும், அதைக் கம்ப்யூட்டரில் ஏத்தணும். எண் இல்லாமப் போனால் பிறப்புச் சான்றிதழுக்கு அலையப்போறது நீங்கதான். அதனால் நர்ஸம்மா முதலில் எதை முடிப்பாங்க? பதிவைத்தான். வீட்டுக்கு வந்து கால் வீங்கியிருக்கான்னு அழுத்திப் பார்க்கிற வேலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறினால் ஒரு வாரம் என்பது சின்ன நாள் இல்லை. தலைவலி, கண் மங்கல்னு அந்தப் பொண்ணு சொல்லும்போது மாமியார் வெயில்ல சுத்தினதுதான்னு சொல்லுவாங்க. சரியான நேரத்தில் பிரஷர் பட்டையைச் சுத்திப் பார்க்க ஒரு ஆள் வேணும். காலி இடம் என்றால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம்.

சரி, அரசாங்கம் சும்மா இருந்துச்சா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. நான் அரசாங்கத்துச் சம்பளம் வாங்கினவள், பென்ஷனும் வாங்குறவள். நல்லதையும் சொல்லணும், கெட்டதையும் சொல்லணும்.

2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்று தனியா ஒரு வாரியம் அமைச்சாங்க. எம்.ஆர்.பி. என்று பேப்பரில் போடுவாங்களே, அதுதான். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் எல்லாரையும் எடுக்க ஒரே இடம். மருத்துவத்துறைக்கு ஆள் எடுக்க மட்டும் தனி வாரியம் என்பது பெரிய விஷயம்தான். அதற்கு முன்னாலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூணு நர்ஸ் போட்டு, இருபத்திநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்கிற ஏற்பாடு வந்துச்சு. ராத்திரி வலி எடுத்தால் டவுனுக்கு வாடகை வண்டி தேடின காலம் உங்களில் மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணு பேர் ஷிஃப்ட் மாத்தி நின்னதால்தான் அது மாறுச்சு.

டாக்டர்களுக்கு வேற வழி வச்சாங்க. எம்.பி.பி.எஸ். முடிச்ச டாக்டர் கிராமத்துக்கு வர ஆசைப்படுறது எதுக்கு? பெரும்பாலும் மேல்படிப்புக்குத்தான், மறைக்க வேண்டியதில்லை. அரசு நிலையத்தில் வேலை பார்த்தவங்களுக்கு மேல்படிப்பில் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் ரொம்பக் காலமா இருந்துச்சு. நடுவில் அதற்கு இடைஞ்சல் வந்து வழக்குப் போச்சு. 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, மாநில அரசு அப்படி இடம் ஒதுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னாங்க. எங்கேயோ டெல்லியில் நடந்த வழக்கு, நமக்கென்ன என்று தோணும். ஆனா அந்தப் பாதி இடம் இல்லைன்னா மலையடிவார நிலையத்துக்கு வர்ற இளம் டாக்டர் யாரு? அந்த டாக்டர் படிச்சு முடிச்சு, மயக்க மருந்து டாக்டராகவோ குழந்தை டாக்டராகவோ மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வர்றதும் அந்த வழியில்தான். உங்க மருமகளுக்கு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்க அங்கே ஆள் இருக்கறதுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தம் உண்டு.

நர்ஸ்களுக்கு அப்படி ஒரு வழி வைக்கலை. அதுதான் எனக்கு மனத்தாங்கல். 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் வந்தாங்க. வந்தது நிரந்தர வேலைக்கு இல்லை, ஒப்பந்தத்துக்கு. ஆரம்பச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று எதிர்பார்த்தவங்க காத்துக் காத்து, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தாங்க. அதற்கப்புறம் 14,000, பிறகு 18,000 என்று ஏறுச்சு. நிரந்தரம் ஆனவங்களும் உண்டு, வருஷக்கணக்கா ஒப்பந்தத்திலேயே இருந்தவங்களும் உண்டு. கொரோனா நேரத்தில் அவசரமா எடுத்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு ஒப்பந்தம் முடிஞ்சுது. கவச உடை போட்டுக்கிட்டு, வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னவங்க மறுபடி ரோட்டில் நின்னாங்க. பிறகு வேற திட்டங்களில் இடம் தர்றோம்னு சொன்னாங்க.

இன்னொன்று சொல்றேன், இதைக் கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். நிரந்தர வேலையில் இருக்கிற அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலையில் இருந்து மகப்பேறு விடுப்பு 12 மாதம், சம்பளத்தோடு. அதே பிரசவ வார்டில் அதே வேலை பார்க்கிற ஒப்பந்த நர்ஸ் அந்தச் சலுகைக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்துச்சு. 2025-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவங்களுக்கும் மகப்பேறு சலுகை உண்டு என்று சொல்லுச்சு. உங்க பிரசவத்தைப் பார்த்தவங்க தன் பிரசவத்துக்கு வழக்குப் போட்டிருக்காங்க! அப்புறம் ஏன் ஆள் நிக்கலைன்னு கேட்கிறோம். இங்கே படிச்ச பொண்ணுங்க வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போறாங்க. நம்ம அரசே நடத்துற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவங்களை அனுப்பி வைக்குது. அதை நான் குறை சொல்லலை. அந்தப் பொண்ணு சம்பாதிச்சு வீட்டுக் கடனை அடைக்கட்டும். ஆனா ஒரு கை ஆள் எடுக்குது, இன்னொரு கை வழியனுப்புது. நடுவில் நம்ம ஊர் நாற்காலி காலியா கிடக்குது.

சம்பளம் ஒரு பக்கம். சம்பளம் சரியா வந்தும் ஊரை விட்டுப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். ஏன் போனாங்க?

நான் வேலை பார்த்த பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையம். எந்த ஊர் என்று வேண்டாம். கீழே ஊசி போடுற அறை, பின்னால் நர்ஸ் தங்க வீடு. எண்பதுகளில் டென்மார்க் நாட்டு உதவியில் சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் இந்த மாதிரிக் கட்டடங்கள் நிறைய எழுந்துச்சு, அதனால் எங்களில் பழைய ஆட்கள் டேனிடா கட்டடம் என்றே சொல்லுவோம். நர்ஸ் ஊரிலேயே தங்கணும், ராத்திரி கூப்பிட்டாலும் வரணும், அதற்கு வீடு வேணும் என்று யோசிச்சுத்தான் கட்டினாங்க. நல்ல யோசனை. அந்த ஊருக்கு ஒரு புதுப் பொண்ணு வேலைக்கு வந்தா. இருபத்தாறு வயசு, கைக்குழந்தை. வந்த முதல் மாசம் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை. ஊர்க் குழாயில் குடம் வச்சா, "கவர்மெண்ட் சம்பளக்காரிக்கு இங்கே என்ன வரிசை" என்று ஒரு பேச்சு. பொழுது சாய்ஞ்சால் நிலையத்து வராந்தாவில் நாலு பேர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாங்க. கதவைத் தட்ட மாட்டாங்க, ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஆனா உள்ளே ஒரு பொண்ணு குழந்தையோடு தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு, பாத்ரூமுக்கு வெளியே வர முடியாம இருக்கா. பல்பை மாத்தித் தாங்கன்னு எழுதிப் போட்டா, நிதி வரணும்னு பதில். எட்டு மாசம் இருந்தா. அப்புறம் டவுனில் வாடகைக்கு வீடு எடுத்து, காலை பஸ்ஸுக்கு வந்து மதிய பஸ்ஸுக்குப் போக ஆரம்பிச்சா. அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிட்டா. ஊர்ல என்ன பேசினாங்க தெரியுமா? "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை."

சேவை மனப்பான்மைக்குப் பாத்ரூம் வேண்டாமா?

அந்த மோட்டாரைச் சரி பண்ண என்ன செலவாகும்? சில ஆயிரம். ஒவ்வொரு கிராம சுகாதாரக் குழுவுக்கும் தேசிய சுகாதார இயக்கத்தில் இருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாய், இன்ன செலவுக்குத்தான் என்று கட்டிப்போடாத பணமா, ஒதுக்கியிருக்காங்க. உங்க ஊராட்சியில் அது எதுக்குச் செலவாகுது என்று உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? குழுவில் ஐம்பது ரூபாய் சந்தா குறைந்தால் ராத்திரி தூங்காத நாம, இதைக் கேட்கிறதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதுக்கென்றே ஒரு அறிக்கை போட்டுச்சு, 2021-ல் அதைப் புதுப்பிச்சாங்க. கிராமத்தில் டாக்டரும் நர்ஸும் தங்க என்ன செய்யலாம் என்று. அதில் முதலில் வர்ற விஷயம் சம்பளம் இல்லை. கிராமத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைத் தேடி எடுத்துப் படிக்க வையுங்க, அவங்கதான் கிராமத்தில் தங்குவாங்க என்பதுதான். கூடவே நல்ல வீடு, பாதுகாப்பு, மேலே போக வழி, எல்லாம் உண்டு. இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊர்ப் பாட்டிகிட்டக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்தில் சொல்லியிருப்பாங்க.

அப்போ கிராமத்துப் பிள்ளைங்கன்னா யாரு? இங்கே உட்கார்ந்திருக்கிற உங்க பிள்ளைங்கதான். இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, இது உங்க குழுக்கடன் சம்பந்தப்பட்ட விஷயம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாடியில் போர்டு பார்த்திருப்பீங்க. "ஒரு வருட நர்சிங் பயிற்சி, வேலை உறுதி." எனக்குத் தெரிந்த ஒரு அக்கா குழுவில் 60,000 ரூபாய் கடன் எடுத்து, மகளை அப்படி ஒரு இடத்தில் சேர்த்தாங்க. வெள்ளை உடுப்பு போட்டுப் போட்டோ எடுத்து வீட்டில் மாட்டியாச்சு. முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தச் சான்றிதழை வச்சு அரசு வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. அந்தப் பொண்ணு இன்னைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்கை விரிக்கிறா. கடன் மட்டும் ஒழுங்கா அடைஞ்சுது, அம்மா கூலிக்குப் போய் அடைச்சாங்க.

அதனால் விவரத்தைத் தெரிஞ்சுக்கோங்க. நர்ஸ் என்று பேர் எடுக்க மூணு படிப்புதான். ஏ.என்.எம். ரெண்டு வருஷம், டிப்ளமோ மூணு வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். மூணுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிருக்கணும். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருக்கணும். அதனால் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே யோசிக்கணும், பன்னிரண்டு முடிச்சப்புறம் அழக்கூடாது. படிச்சு முடிச்சால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பண்ணணும். 1926-ம் வருஷச் சட்டத்தில் வந்த குழுமம் அது. அங்கே பதிவு ஆகாத படிப்பு நர்ஸ் படிப்பு இல்லை. சேர்றதுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "உங்க படிப்பை முடிச்சா நர்சிங் கவுன்சில் பதிவு எண் கிடைக்குமா? அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்க." காட்ட மாட்டேன்னா வெளியே வந்துடுங்க. கவுன்சில் அங்கீகரித்த கல்லூரிகளோட பட்டியல் இணையத்தில் இருக்கு, பிள்ளைங்க போனில் ரெண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து படிச்ச பொண்ணு என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பம் போடலாம். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கின திட்டம். பஸ் செலவுக்காவது ஆகும்.

நம்ம கூட்டமைப்பு கல்விக்கடன் கொடுக்கும்போது ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல் எல்லாம் கேட்கிறோம். நர்சிங் படிப்புக் கடனுக்கு அந்த அங்கீகாரக் கடித நகலையும் கேளுங்க என்பது என் கோரிக்கை. ஒரு தாள்தான் கூடுதல்.

இனி நம்ம வீட்டு விஷயத்துக்கு வர்றேன். மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வச்சாங்க. ஒரு சின்னத் தகவல், உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். தமிழ்நாட்டில் சுய உதவிக்குழு இயக்கம் 1989-ல் தொடங்கினது அன்றைய தருமபுரி மாவட்டத்தில். அப்போ கிருஷ்ணகிரியும் அதுக்குள்ளேதான் இருந்துச்சு. குழு பிறந்த மண்ணிலேயே இந்தத் திட்டமும் பிறந்திருக்கு.

இதுக்கு ஆள் எங்கே இருந்து எடுத்தாங்க? எம்.ஆர்.பி. தேர்வு இல்லை, கலந்தாய்வு இல்லை. நம்ம குழுக்களில் இருந்தே எடுத்தாங்க. அந்த ஊர்ப் பொண்ணு, அந்த ஊர் வீடுகளைத் தெரிஞ்ச பொண்ணு. பிரஷர் மிஷினும் சர்க்கரை பார்க்கிற கருவியும் பையில் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போறாங்க. படுத்த படுக்கையா இருக்கிற தாத்தாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருது. கூட வட்டாரத்துக்கு ஒரு நோய்த்தணிப்பு நர்ஸும், இயன்முறை சிகிச்சையாளரும் வர்றாங்க. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்துச்சு. நல்லாக் கை தட்டுங்க, இந்த மண்டபத்திலேயே அந்த வேலை பார்க்கிற தங்கச்சிங்க இருக்காங்க.

கை தட்டியாச்சா? இப்போ சம்பளத்தைக் கேளுங்க. ஆரம்பத்தில் மாதம் 4,500 ரூபாய். பிறகு 5,500. அதுவும் சம்பளம் என்று சொல்ல முடியாது, ஊக்கத்தொகை. அவங்க பேரும் ஊழியர் இல்லை, தன்னார்வலர். தன்னார்வலர் என்றால் தன் ஆசைக்கு வந்தவங்கன்னு அர்த்தம். ஆசைக்கு வந்தவங்களுக்குப் பி.எஃப். எதுக்கு, விடுப்பு எதுக்கு, பென்ஷன் எதுக்கு? வார்த்தையிலேயே சம்பளத்தைக் குறைச்சுட்டாங்க. நாடு முழுக்க ஆஷா பணியாளர்களுக்கும் இதே கதைதான், 2005-ல் இருந்து. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஆஷாக்களுக்கு விருது கொடுத்துச்சு. விருது ஒரு பக்கம் வருது, ஊக்கத்தொகையை உயர்த்துங்கன்னு ஆர்ப்பாட்டம் இன்னொரு பக்கம் நடக்குது.

பாதி நாள் வேலைதானே என்று சொல்லுவாங்க. பாதி நாள் என்றால் காலையில் எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் போய் மதியம் வர்றது. அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்கும் போக முடியாது, தையல் மிஷினிலும் உட்கார முடியாது. மதியம் வந்து பதிவை ஏத்தணும். ராத்திரி ஒன்பது மணிக்கு, "ஏம்மா, எங்க வீட்டுக்காரருக்கு மயக்கமா இருக்கு, மிஷின் எடுத்துட்டு வா" என்று போன் வரும். போகாம இருக்க முடியுமா? பக்கத்து வீடு. இதை எந்தக் கணக்கில் எழுதறது?

இவங்களில் ஒருத்தி வேலையை விட்டுட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை நின்னுபோனா அன்னைக்கே ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சுப் பக்கவாதமா வரும், சிறுநீரகம் கெட்டுப் போகும். அந்தச் செலவு எங்கே வரும்? நம்ம குழுவுக்குத்தான் வரும், கடனா. மருத்துவச் செலவுக்குன்னு எடுத்த கடன் நம்ம பதிவேட்டில் எத்தனை வரி இருக்குன்னு பொருளாளர் அவர்களைக் கேட்டுப் பாருங்க. அந்தத் தங்கச்சிக்குக் கிடைக்கிற 5,500 ரூபாய் உங்க குடும்பத்துப் பணத்தைக் காப்பாத்துது. அதனால் அவங்க கோரிக்கை அவங்க கோரிக்கை மட்டும் இல்லை.

மரியாதை பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாவது படிச்சவ நமக்கு மாத்திரை கொடுக்கிறாளா என்று கேட்கிற வீடுகள் இருக்கு. சாதியைப் பார்த்துத் திண்ணையோடு நிறுத்துற வீடுகளும் இருக்கு. சங்கடமான விஷயம்தான், ஆனா குழுவில் ஒன்றா உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்க்கிற நாம இதைச் சொல்லலைன்னா வேற யார் சொல்லப் போறாங்க? கை நீட்டிப் பிரஷர் பார்க்கும்போது தொடத்தானே வேணும்.

அடிதடி, மிரட்டல் பற்றியும் சொல்லணும். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் குறைந்தது மூணு வருஷம் சிறை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கு. கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் அந்தப் பெண் டாக்டருக்கு நடந்ததை டி.வி.யில் பார்த்து நாம எல்லாரும் அழுதோம். அதே வாரம் நம்ம ஊர் நர்ஸ் தனியா இருக்கிற நிலையத்தில் விளக்கு எரியுதான்னு போய்ப் பார்த்தோமா?

ஒருத்தங்க நேற்று என்னைக் கேட்டாங்க, "அரசாங்கம் செய்ய வேண்டியதை எல்லாம் எங்க தலையில் கட்டுறீங்களாம்மா?" என்று. நியாயமான கேள்வி. நிரந்தர வேலை, நியாயமான சம்பளம், காலி இடத்தை நிரப்புறது, இதெல்லாம் அரசாங்கத்தோட கடமை. நாம ஆயிரம் பல்பு மாத்தினாலும் அந்தக் கடமை குறையாது. ஆனா கேட்கிறவங்க இல்லாத இடத்தில் காலி இடம் காலியாவே இருக்கும் என்பதை முப்பது வருஷத்தில் பார்த்துட்டேன். இத்தனை ஊர் இருக்கிற வட்டாரத்தில் எந்த ஊர் சத்தம் போடுதோ, அங்கேதான் முதலில் ஆள் போடுவாங்க.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு ஊராட்சியில் இருந்தும் குறைந்தது ஒரு குழு முழுசாப் போகணும். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி, தலைவியிடம் கலந்து பேசித்தான் கொண்டு வந்திருக்கேன். நம்ம துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் இடம் நிரம்பியிருக்கா, இன்சார்ஜா? இன்சார்ஜ் என்றால் எத்தனை மாசமா? கிராம சுகாதாரக் குழுவோட 10,000 ரூபாய் எதுக்குச் செலவாச்சு? நிலையத்தில் தண்ணீர், கழிவறை, வெளிவிளக்கு இருக்கா? சுகாதாரத் தன்னார்வலர்களைப் பணியாளராக ஏற்று, உரிய சம்பளம் கொடுக்கணும் என்று ஒரு தீர்மானம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. வாயில் சொல்ற பதிலை வாங்கிட்டு வராதீங்க.

தாள்கள் செயலாளர் கையில் இருக்கு, ஊராட்சிக்கு ரெண்டு. சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது வாசல்ல வாங்கிக்கோங்க. நர்சிங் படிப்பு விவரம் வேணும்கிறவங்க பிள்ளையோட மார்க் ஷீட்டோடு என்னை வந்து பாருங்க, சாயங்காலம் நாலு மணி பஸ் வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.